கண்டனூர்க் காரில் கேஸ் எப்படிப் போனது?

1

இந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக என் கார் என் முகத்தில் சூடான காற்றை ஊதியது. பினாங்கிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேரை ஈப்போ ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, "ஏர்கோன் போட்டிருக்கேன், இப்பச் சில்லுன்னு ஆயிரும்" என்று பெருமையாகச் சொல்லிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. நம் ஊரில் ஏர்கண்டிஷன் என்பதை இங்கே ஏர்கோன் என்று சுருக்கிவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த பெரியவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானுக்கு வந்தபோது நான் கண்ணாடியை இறக்கினேன்.

ஏர்கோன் கெட்டுவிட்டதே என்று எனக்குத் தோன்றவில்லை. ஆ சோங் ஏமாற்றிவிட்டான் என்றுதான் தோன்றியது. ஆ சோங் என் கார் மெக்கானிக், சீனர். இரண்டு மாதத்துக்கு முன்புதான் கேஸ் நிரப்பினான். அதற்கு முன்பும் ஒருமுறை நிரப்பினான். நிரப்பும் போதெல்லாம் சிரிப்பான். சிரிக்கிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. சிரிக்காதவனையும் நம்புவதில்லை என்று என் மனைவி சொல்வாள்.

என் கார் பதினான்கு வருஷப் பழசு. எனக்கு முன்பு இரண்டு பேர் ஓட்டிக் களைத்தது. முன்பலகைக்கு அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு ஏர்கோன் வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: என்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றுகிற கம்ப்ரசர், ஒரு கேஸை அழுத்திக் குழாய்களுக்குள் தள்ளும். அது சுற்றிச் சுற்றி வருவதால் குளிர் வருகிறது. அந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்கிற பொருள் இல்லை. ஒருமுறை நிரப்பினால் உள்ளேயே கிடக்க வேண்டும்.

அப்படியானால் குறைகிற கேஸ் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன். பதினொரு வருஷமாக அது எனக்குத் தெரியாமலே இருந்தது.

2

மலேசியாவுக்கு வருவதற்கு முன் நான் கண்டனூரில் ஒரு நகரத்தார் வீட்டில் மேனேஜராக இருந்தேன். எங்களுடையது அரியக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாவது படித்துவிட்டு வெயிலில் நிற்கப் பிடிக்காமல் வேலைக்குப் போனவன் நான். அந்த வீட்டின் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. இரண்டு தெருவை அடைத்துக் கட்டிய வீடு. பெரிய செட்டியார் ஈப்போவில் கடை வைத்திருந்தார். அவர் மனைவி, நாங்கள் ஆச்சி என்போம், வருஷத்தில் பாதி நாள் மதராசில் மகன் வீட்டில் இருப்பார்கள். கல்யாணம், நோன்பு என்றால் வீட்டைத் திறப்போம். முடிந்ததும் மூடுவோம். பித்தளை அண்டாவிலிருந்து பர்மாத் தேக்குக் கட்டில் வரைக்கும் அந்த வீட்டில் எல்லாமே பூட்டிக் கிடந்ததால்தான் புதுசு மாதிரி இருந்தன. பூட்டி வைத்த பொருள் கெடாது என்பது ஆச்சியின் நம்பிக்கை. என்னுடையதும் அதுதான்.

அறுபத்துமூன்றிலோ நான்கிலோ செட்டியார் மதராசில் ஒரு அமெரிக்கக் காரை ஏலத்தில் எடுத்து அனுப்பினார். அப்போதே அது பழைய கார்தான். ஆனால் ஏர்கண்டிஷன் கார். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆச்சி அதையும் ஒரு பாத்திரம் மாதிரியே நடத்தினார்கள். துணி போர்த்தி, கொட்டகையில் வைத்து, கல்யாணங்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ஏர்கண்டிஷனைச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்தால் மட்டும் போட வேண்டும்.

அந்தக் காருக்கு டிரைவர் சவரிமுத்து. தேவகோட்டைக்குத் தெற்கே சவேரியார்பட்டி என்ற கிறிஸ்தவ ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை வா, போ என்பேன். அவர் என்னை மேனேஜரு என்பார். சாவி என் இடுப்பில் இருந்ததால் அது சரியென்று எனக்குத் தோன்றியது.

முதல் வருஷமே ஏர்கண்டிஷன் சூடாக ஊதியது. மதுரையில் சினிமா தியேட்டர்களுக்குக் குளிர்சாதனம் பார்க்கிற ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். குழாய் மூட்டுகளிலெல்லாம் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். எங்கும் குமிழி வரவில்லை. கேஸ் நிரப்பினார். குளிர்ந்தது. சில மாதம் கழித்து மறுபடி சூடு. மறுபடி வந்தார், நிரப்பினார். மூன்றாம் தடவை கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"குழாயில ஓட்டை இல்லை. கேஸ் தானா எந்திரிச்சுப் போகாது. யாரும் தொறந்து எடுக்குறாகளான்னு பாருங்க" என்றார்.

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த வார்த்தை என்னோடு தங்கிவிட்டது.

3

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கொத்தமல்லிக் கட்டை வாங்கினாலும் அவிழ்த்து நடுவில் பார்ப்பேன். காரின் பானெட்டைத் திறக்கக்கூடியவர்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருவன் நான். நான் எடுக்கவில்லை. அப்படியானால் மற்றவர்தான். அதற்கு மேல் யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆதாரமும் தேடினால் கிடைக்கத்தானே செய்யும். சவரிமுத்துவின் மச்சான் காரைக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஐஸ் கம்பெனி குளிர் விற்கிற இடம். காரில் இருப்பதும் குளிர்தரும் கேஸ். இது போதாதா? அப்புறம் பெட்ரோல். நான் ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு டாங்கில் விட்டுப் பார்த்துவந்தேன். வண்டி கொட்டகையை விட்டு நகராத மாதத்திலும் கோடு இறங்கியிருந்தது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், அறிவிப்பில்லாமல் பின் தெருவுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே சவரிமுத்து ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெளியே சித்திரை வெயில். உள்ளே மகாராஜா.

கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். குளிர்ந்த காற்று என் மேல் பட்டது. அந்தக் காற்று எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை என்பதும் என் கோபத்துக்கு ஒரு காரணம். இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

"என்ன சவரிமுத்து, நல்ல தூக்கமா?"

அவர் பதறவில்லை. "தூங்கலை மேனேஜரு. சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். வாரத்துக்கு ஒருக்க பத்து நிமிசம் போட்டுவிடுறேன். ஓடவிட்டா கேஸ் நிக்கிது. நிப்பாட்டி வச்சாப் போயிருது. நாலு மாசமாப் பார்த்துட்டேன். ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா அப்படித்தான் இருக்கு."

"ஓட ஓடத் தேயும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். ஓடாம இருந்தாத் தேயும்னு நீதான் சொல்ற."

"நீங்க படிச்சவுக. மதுரைக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

கேட்கவில்லை. ஓசிக் குளிருக்கு ஒரு வேதாந்தம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். கார் சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கொட்டகைச் சாவியை மட்டும் அவரிடம் விட்டேன், தினமும் தூசி தட்ட வேண்டுமே. அடுத்த தை மாதம் மதுரைக்காரர் வந்து கேஸ் நிரப்பிய அன்றே, கேஸ் ஏற்றுகிற வாயின் மூடிமேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஆச்சி வீட்டு முத்திரையைப் பதித்தேன். தபாலாபீஸில் பார்சலுக்குச் செய்வார்களே, அப்படி. வைகாசியில் ஆச்சியின் கடைசி மகளுக்குக் கல்யாணம். அதுவரைக்கும் ஒருத்தன் அதைத் தொட முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

4

ஈப்போவுக்குத் திரும்பி வருகிறேன். மூன்றாம் தடவை சூடாக ஊதிய மறுநாள் காரை ஆ சோங்கிடம் கொண்டுபோனேன். கூடவே என் மகள் வள்ளியையும் அழைத்துப் போனேன். வள்ளிக்குப் பதினைந்து வயது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் சரளம். தமிழ் என்னிடம் மட்டும், அதுவும் நான் முறைத்தால். எனக்கு மலாய் பத்து வருஷமாகியும் கடைத்தெரு மலாய்தான். ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்தில் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, அவர்கள் கேட்டது புரியாமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லி வைத்தேன். பிறகு வள்ளிதான் போய் எனக்கு ஒரே ஒரு மனைவி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை நான் தயாராகப் போயிருந்தேன். போன தடவை அவன் கேஸ் நிரப்பி முடித்ததும், அவனுக்குத் தெரியாமல், வள்ளியின் நகப்பூச்சை எடுத்து அந்த வாயின் மூடியில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவைத்திருந்தேன். மூடியைத் திருகினால் கோடு பிளக்கும். பழக்கம் விடுமா?

"என் பாலிஷ் இங்கதான் தீர்ந்துச்சா?" என்றாள் வள்ளி.

பானெட்டைத் திறந்தோம். குனிந்து பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. ஒரு விரிசல் இல்லை. யாரும் திறக்கவில்லை, ஆனால் உள்ளே கேஸ் இல்லை. என் வாழ்க்கையில் நான் வைத்த பொறி ஒன்று முதல் தடவையாகச் சரியாக வேலை செய்தது. செய்து, யாரும் திருடன் இல்லை என்றது.

ஆ சோங் கொஞ்சம் கேஸை ஏற்றிவிட்டு ஒரு சிறிய விளக்கைக் கொண்டுவந்தான். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் நீண்டது. கேஸ் கசிகிற இடத்தில் குழாயின் முனையைக் காட்டினால் உள்ளே எரிகிற சுடர் பச்சையாக மாறுமாம். வள்ளி மொழிபெயர்த்தாள். மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு போனான். சுடர் நீலமாகவே இருந்தது. அவன் சிரித்தான். நானும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கம்ப்ரசரின் மூக்குக்குக் கொண்டுபோனான். பெல்ட் சக்கரம் மாட்டியிருக்கிற தண்டு கம்ப்ரசருக்குள் நுழைகிற இடம் அது. சுடர் பச்சையானது. வெற்றிலைப் பச்சை.

அவன் சீனத்தில் என்னவோ கேட்டான். வள்ளி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"என்னைப் பத்தி என்ன சொல்றான்?"

"உங்களப் பத்தி இல்லப்பா. ஏர்கோன் எத்தன நாளைக்கு ஒரு வாட்டி போடுவீங்கன்னு கேக்கறாரு."

"தைப்பூசத்துக்குப் போடுவேன். விருந்தாளி வந்தாப் போடுவேன். சும்மா எதுக்குப் போடணும்?"

அவள் அதைச் சொன்னாள். ஆ சோங் பானெட்டின் மேல் கை ஊன்றிச் சிரித்தான். பிறகு நிதானமாகச் சொல்லச் சொல்ல வள்ளி தமிழாக்கினாள். அந்தத் தண்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதாம். கேஸ் வெளியே வராமல் தடுப்பது அதுதான். அது எண்ணெயில் நனைந்திருந்தால்தான் பிடிக்கும். கம்ப்ரசர் ஓடினால்தான் எண்ணெய் அங்கே போகும். ஓடாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் வளையம் காய்ந்து, கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். சோப்பு நுரையில் அது சுலபத்தில் அகப்படாது. முதல் இரண்டு தடவை அவனுக்கும் அகப்படவில்லை.

"புது வளையம் போட்டுத் தராராம். ஆனா மழையோ வெயிலோ, வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் போட்டு விடணுமாம். பத்திரப்படுத்தி வச்சீங்கன்னா கெட்டுப் போயிடுமாம்" என்றாள் வள்ளி.

வாரத்துக்கு ஒருக்க பத்து நிமிசம். நான் அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா?"

"ஒண்ணு கேட்டுச் சொல்லு. ஐஸ் கம்பெனியில இந்தக் கேஸ்தானா போடுவாங்க?"

கேட்டாள். ஆ சோங் மூக்கைப் பிடித்துக் காட்டினான். அங்கே அமோனியாவாம், நாற்றம் தாங்காது, இந்தக் கேஸை அவர்கள் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள்.

5

இனி அந்தக் கல்யாணம். இதை நான் சுற்றி வளைத்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அறுபத்தேழு வைகாசி. மாப்பிள்ளை அழைப்புக்கு ஏர்கண்டிஷன் கார் வருகிறது என்று ஆச்சி சம்பந்தி வீட்டாரிடம் மூன்று மாதமாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் கார் சாவியைச் சவரிமுத்துவிடம் கொடுத்தேன். "ஒரு தடவை போட்டுப் பாத்துருவமா மேனேஜரு?" என்று கேட்டார். அரக்கு வைத்திருக்கிறேன், தேவையில்லை என்றேன்.

மாப்பிள்ளை பட்டும் நகையுமாக ஏறினார். கூட அவருடைய தாய்மாமன், இரண்டு பெரியவர்கள். ஏர்கண்டிஷன் சூடாகத்தான் ஊதியது. கண்ணாடியை இறக்கினால் ஏர்கண்டிஷன் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் கண்ணாடி இறங்கவில்லை. மேளம் முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்தது. ஒரு மணி நேரம் அந்த நான்கு பேரும் சவரிமுத்துவும் மூடிய காருக்குள் வெந்தார்கள். வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது தாய்மாமன் மயங்கிச் சரிந்தார். மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் கழுத்துக்கு வந்திருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தாய்மாமனை முற்றத்துக்குத் தூக்கிப்போய் விசிறினோம். ஆச்சி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ராமலிங்கம், என்ன இது? உன்னை நம்பித்தானே விட்டேன்."

நான் ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். மூடிமேல் அரக்கு இல்லை. வழிந்து, உதிர்ந்து, கீழே ஒட்டிக்கிடந்தது. ஒரு மணி நேரம் ஓடின என்ஜினின் சூட்டில் அரக்கு இளகாமல் என்ன செய்யும்? அதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றாதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

முற்றத்தில் இருநூறு பேராவது இருப்பார்கள். சவரிமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினேன்.

"இந்தா நிக்கிறான். அரக்கை உடைச்சுக் கேஸைத் திருடி இவன் மச்சானோட ஐஸ் கம்பெனிக்கு வித்துப்புட்டான். வேப்பமரத்தடியில நான் கையும் களவுமாப் பிடிச்சவன்தான் இவன்" என்று கத்தினேன்.

சவரிமுத்து ஆச்சியைப் பார்த்துச் சொன்னார்: "ஆச்சி, மாதா சத்தியமா நான் எடுக்கலை. வண்டியை ஓட விடலை, அதான் போயிருச்சு. இவுகதான் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாக."

ஓடாததால் கேஸ் போய்விட்டது என்றதும் முற்றமே சிரித்தது. சற்று முன்பு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்படியே இவர் பக்கம் திரும்பியது. ஆச்சிக்கு அதுதான் வேண்டியிருந்தது. எனக்கும். சவரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைச் சாவியை என் காலடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அடுத்த வருஷம் ஈப்போக் கடைக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று செட்டியார் எழுதினார். கள்ளனைப் பிடித்த ராமலிங்கத்தை அனுப்பலாம் என்று ஆச்சி சொன்னார்கள். நான் மலேசியாவுக்கு வந்த வழி இதுதான். கடையைப் பின்னால் மூடிவிட்டார்கள், நான் இங்கேயே தங்கிவிட்டேன். வெளிநாட்டில் எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு, இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் வெளிநாட்டுக் கதைகளிலும்கூட, இதுவரை நான் வேறு பதில் சொல்லியிருக்கிறேன்.

6

மாசியில் ஊருக்குக் கிளம்பினேன். காரணம் கேட்ட மனைவியிடம் குலதெய்வம் என்று சொன்னேன். திரும்பி நுழைவதற்கான அனுமதித்தாளில் ஆறு வாரம் கெடு போட்டிருந்தார்கள். அந்தத் தேதி தாண்டினால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது அவர்கள் இஷ்டம்.

என் காரிலிருந்து கழற்றிய பழைய வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன். மதராஸ் துறைமுகத்துச் சுங்க அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்குக் கைக்குட்டைல சுத்தி எடுத்துட்டு வர்றீங்க? உள்ள தங்கமா?" என்றார். கார் ஏர்கண்டிஷன் சாமான் என்றேன். கார் எங்கே என்றார். ஈப்போவில் என்றேன். கார் ஈப்போவில், சாமான் உங்கள் பையிலா என்று கேட்டு, பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டார். கத்தியால் சுரண்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைக் கள்ளனாகவே பார்த்தார்கள். அரை மணி நேரம்தான்.

சவேரியார்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் சவரிமுத்து வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் சவரிமுத்து? ஊருல நாலு பேரு இருக்காகளே."

"டிரைவர் சவரிமுத்து."

"ஓ, கேஸ் சவரியா? அங்குட்டுப் போங்க, கோயிலுக்குப் பின்னாடி."

"அதென்ன கேஸ் சவரி?"

"தெரியலை. எனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து அப்படித்தான் கூப்பிடுறாக" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த இளைஞர்.

சவரிமுத்து வீட்டு வாசலில் ஒரு டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

"அண்ணே" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன்.

வளையத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பச்சைச் சுடர், எண்ணெய், அமோனியா. அவர் வளையத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"இம்புட்டுக்காணு சாமானா?" என்றார் கடைசியில். "நான் பெல்ட்டுல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சரி, ஓடுனா நிக்கிதுன்னு நான் சொன்னது சரிதான்."

"சரிதான் அண்ணே. நான்தான் கெடுத்தேன். என்னை மன்னிச்சிருங்க."

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி லூர்தம்மாள் வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லா வந்து சொல்லிட்டீக. இங்கன யாரு இருக்கா? இவுகளும் நானும். இவுக திருடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எனக்குச் சொல்லவா கப்பல் ஏறி வந்தீக?"

நான் வெறும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.

"அதுக்கப்பறம் ஒரு செட்டியார் வீட்டுல இவுகளை டிரைவரா வைக்கலை. பெரியவளைப் பொண்ணு கேட்டு வந்தவுக, கேஸ் திருடுனவர் மகளான்னு வாசலோட திரும்பிட்டாக. அவளை எங்கேயோ தூரத்துல, விசயம் தெரியாத ஊருல கொடுத்தோம். வருசத்துக்கு ஒருக்கதான் மொகத்தைப் பாக்குறோம். திருடன்னு எங்கன வச்சுச் சொன்னீக? கல்யாண வீட்டு முற்றத்துல, அத்தனை பேரு முன்னாடி. இல்லைன்னும் அங்கன போய்ச் சொல்லுங்க."

"லூர்து, விடு" என்றார் சவரிமுத்து.

"நான் விடமாட்டேன்" என்றார் அவர்.

அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மறுநாள் நான் கண்டனூர் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஆச்சி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கார் கொட்டகையில் துணி போர்த்தியபடி, நாலு டயரும் தரையோடு அமுங்கி நின்றது. காவல்காரர் கதவைத் திறந்து முற்றத்தைக் காட்டினார். அந்த முற்றத்தில் புறாக்கள்தான் இருந்தன. அடுத்த கல்யாணம் ஆவணியில் இருக்கலாமாம், தையிலும் இருக்கலாமாம். அன்று நின்றவர்களில் பாதிப் பேர் மதராசிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். என் கெடு பங்குனியோடு முடிகிறது.

சவேரியார்பட்டிக்குத் திரும்பிப் போய் இதைச் சொன்னேன். லூர்தம்மாள் நம்பவில்லை. நான் நழுவுகிறேன் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. என்னைச் சந்தேகப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

சவரிமுத்துதான் மெதுவாகக் கேட்டார். "நீங்க வெளிநாட்டுக் கதையெல்லாம் பத்திரிகையில எழுதுறீகளாம்ல? எங்க பங்குச் சாமியார் வாசிச்சுச் சொன்னார். அதைக் கண்டனூர் ஆளுக படிப்பாகளா?"

"படிப்பாக அண்ணே. பினாங்குலயும் படிப்பாக. கொழும்புலயும் படிப்பாக."

"அப்ப அதுல எழுதுங்க. ஆனா என் பேரை முழுசாப் போடணும். வெறும் சவரிமுத்துன்னு போட்டா எவனோன்னு நினைச்சிருவாக. ஐயா பேரோட, ஊரோட போடுங்க."

"மகனுக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். சீக்கிரமாப் போடச் சொல்லுங்க" என்றார் லூர்தம்மாள்.

7

அறுபத்தேழு வைகாசியில் கண்டனூரில் அந்தக் கல்யாண வீட்டு முற்றத்தில் நின்றவர்களுக்கு:

உங்கள் முன்னால் நான் சொன்னது பொய். சவேரியார்பட்டி அந்தோணி மகன் சவரிமுத்து காரிலிருந்து எதையும் திருடவில்லை, யாருக்கும் விற்கவில்லை. கம்ப்ரசர் ஓடாமல் வளையம் காய்ந்து கேஸ் கசிந்துவிட்டது. அதை ஓடவிட்டுக் காப்பாற்றப் பார்த்தவர் அவர். சாவியைப் பிடுங்கிக் கெடுத்தவன் நான். அன்று அவர் ஆச்சியிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைக் கேட்டு நாம் சிரித்தோம்.

இதைப் படிக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அன்று நான் கத்தித்தான் சொன்னேன்.